மின்சார விளக்குகளும் அவற்றின் சுற்றுகளும்

அகல் விளக்குக்கு எண்ணெயும் திரியும் இருந்தாற் போதும். எங்கு வைப்பினும் அது தனித்து நின்று எரியும். மின்சார விளக்கோ தனித்து எரியும் இயல்புடையதன்று. மின்சாரம் புறப்படும் இடத்தினின்று விளக்குக்கு வருவதற்கும், விளக்கினின்று புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்கும் இடையறாத ஒரு வழி வேண்டும். அவ்வழிக்குச் சுற்று என்று பெயர். விளக்கு பிரகாசமாக எரிவதும், மங்கி எரிவதும், அடியோடு அணைந்துவிடுவதும் அச்சுற்றின் அமைப்பைப் பொறுத்தனவாகும். வீட்டிலுள்ளோரின் உயிர்ப் பாதுகாப்பும் அதனையே பொறுத்திருக்கிறது.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டிலும், மேட்டூர் நிலையம் 1937-ஆம் ஆண்டிலும், பாபநாசம் நிலையம் 1944-ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. அவற்றினின்று கம்பிகள் முதலில் பட்டணங்களுக்கும், பின்னர்ப் படிப்படியாகக் கிராமங்களுக்கும் சென்றன. இப்பொழுது மின்சார விளக்கைக் காணாத ஊர் அரிது. எனினும், ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்று அறிந்தவர் அனைவரும், அது அணைந்தபின் கம்பியின் நிலைமை யாது என்பதை அறிந்தவர் அல்லர். ஆகையால், பாடசாலை மாணாக்கர் இவ்விஷயத்தை முறையாகக் கற்றுத் தம் வீட்டாருக்கும் எடுத்துரைத்தல் நலம்.

அழுத்தம், ஓட்டம், தடை

ஏரியில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு வேகமாக மதகின் வழியே வெளிப்படும். வாய்க்கால் அகலமாயிருந்தால் மிகுதியான நீர் செல்லும். குறுகியும் புல் மண்டியும் இருந்தால் குறைவாகவே செல்லும். மின்சாரத்திலும் இம்மூன்று அம்சங்கள் உண்டு. நீர் மட்டத்தின் உயரத்தை ஒத்தது மின் அழுத்தம்; அதனை வோல்ட் என்னும் அளவால் குறிப்பர். வினாடிதோறும் செல்லும் நீரின் அளவை ஒத்தது மின் ஓட்டம். அதன் அளவு ஆம்பியர். வாய்க்காலின் குறுக்கத்தை ஒத்தது தடை. அதன் அளவு ஓம். ஜெர்மனி தேசத்து ஜார்ஜ் ஸைமன் ஓம் என்பார் 1827-ஆம் ஆண்டில் இம்மூன்றுக்குமுள்ள சம்பந்தத்தை வெளியிட்டார். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும் என்பதே அவ்விதி.

வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அதன் ஓட்டம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலையும் தன்மையது. ஆயினும் சுற்று முழுமையாயிருக்க வேண்டுமென்னும் நியதி அதற்கும் பொருந்தும். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்க வருவது வாட் என்னும் அளவால் குறிக்கப்படும் மின் திறன். 60 வாட் இழை விளக்கொன்று 230 வோல்ட்டில் எரியும்பொழுது சுமார் 0.26 ஆம்பியர் ஓட்டத்தை ஏற்கும். அப்பொழுது அதன் தடை சுமார் 880 ஓம். 100 வாட் விளக்கு 0.43 ஆம்பியர் ஏற்கும்; அதன் தடை சுமார் 530 ஓம். அதிக வாட் உள்ள விளக்குக்குக் குறைந்த தடை என்பதை மாணாக்கர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் இது பயன்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். வயலிற் பாய்ந்த நீரை மண் குடித்துவிடுகிறது. விளக்கு மின் ஓட்டத்தைக் குடிப்பதில்லை. எவ்வளவு ஓட்டம் உள்ளே வருகிறதோ அவ்வளவும் மறுமுனையில் வெளியே செல்லும். விளக்கிற் செலவாவது சக்தியே, ஓட்டமன்று.

இழை விளக்கின் அமைப்பு

பழைய கண்ணாடிக் குமிழ் விளக்கினுள் டங்ஸ்டன் என்னும் உலோகத்தாலான மெல்லிய இழை சுருளாக அமைந்திருக்கும். ஓட்டம் அதன் தடையைக் கடந்து செல்லும்பொழுது இழை சூடேறிச் சுமார் 2,500 ஸெண்டிகிரேடு டிகிரி உஷ்ணத்தை அடைந்து வெண்மையாக ஒளிரும். டங்ஸ்டன் 3,400 டிகிரிக்கு மேற்பட்டே உருகுமாதலின் அது அவ்வுஷ்ணத்தைத் தாங்கும். ஆனால் பிராணவாயு பட்டால் உடனே எரிந்துவிடும். அதனால் குமிழினுள் காற்றை நீக்கி, ஆர்கான், நைட்ரஜன் போன்ற வாயுக்களை அடைப்பர். வில்லியம் கூலிட்ஜ் 1910-ஆம் ஆண்டையொட்டி டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்கும் முறையையும், இர்விங் லாங்மியூர் 1913-ஆம் ஆண்டையொட்டி வாயு நிரப்பும் முறையையும் நிலைநாட்டினர்.

குளிர்ந்த இழையின் தடை, சூடான இழையின் தடையில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் இருக்கும். ஆகவே ஸ்விட்சைப் போட்ட அக்கணத்தில் வழக்கத்தினும் பன்மடங்கு ஓட்டம் இழையிற் பாய்கிறது. தேய்ந்த இழை பெரும்பாலும் விளக்கைப் போடும் தருணத்திலேயே அறுந்துபோவதற்குக் காரணம் இதுவே.

தொடர் இணைப்பு

இரண்டு விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் இணைப்பதற்குத் தொடர் இணைப்பு என்று பெயர். மேல் வயலின் வரப்பை வெட்டிக் கீழ் வயலுக்கு நீர் விடுவதைப் போன்றது இது. மேலே உள்ளவர் வரப்பை அடைத்துவிட்டால் கீழே உள்ளவர் எவருக்கும் நீரில்லை. அவ்வாறே, தொடரில் ஒரு விளக்கின் இழை அறுந்தால் அனைத்தும் அணைந்துபோகும்.

இவ்விணைப்பில் எல்லா விளக்குகளிலும் ஒரே அளவான ஓட்டம் செல்லும். அழுத்தம் மட்டும் பங்கிடப்படும். ஒரேவிதமான இரண்டு 60 வாட் விளக்குகளைத் தொடராக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் 115 வோல்ட்டே கிடைக்கும். இழை போதிய சூடேறாமல் செந்நிறமாக மங்கி எரியும்.

60 வாட் விளக்கையும் 100 வாட் விளக்கையும் தொடராக இணைத்தால் எது அதிகமாக ஒளிரும்? 100 வாட் விளக்கே என்று பலரும் விடையிறுப்பர். உண்மையில் 60 வாட் விளக்கே அதிகமாக ஒளிரும். இரண்டிலும் ஓட்டம் ஒன்றே. தடை மிகுந்த 60 வாட் விளக்கு அழுத்தத்தின் பெரும்பங்கைத் தன்னிடம் ஈர்த்துக்கொள்கிறது. விளக்கின்மேல் அச்சிட்ட வாட் எண், அதற்கு முழு அழுத்தமும் கிடைக்கும்பொழுது மட்டுமே உண்மையாகும் என்பது இதனால் விளங்கும்.

பக்க இணைப்பு

பெரிய வாய்க்காலினின்று ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே மடை வைத்தாற்போல, ஒவ்வொரு விளக்கையும் இரண்டு பிரதானக் கம்பிகளுக்கும் குறுக்கே தனித்தனியாக இணைப்பது பக்க இணைப்பு. இதில் ஒவ்வொரு விளக்குக்கும் முழு 230 வோல்ட்டும் கிடைக்கும். ஒருவர் தம் மடையை அடைத்தாலும் அயலார் வயலுக்கு நீர் குறையாது. ஓர் அறையில் விளக்கை அணைத்தாலும் அடுத்த அறையில் எரியும். வீடுகள், பாடசாலைகள், மருத்துவசாலைகள் யாவற்றிலும் விளக்குகள் இம்முறையிலேயே இணைக்கப்பட்டிருக்கின்றன.

இம்முறை எளிதில் வந்ததன்று. 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துச் சதுக்கத்தில் சார்லஸ் பிரஷ் ஏற்றிய வில் விளக்குகள் தொடராக இணைக்கப்பட்டவை. அவை வீதிக்கு ஏற்றவை. கண் கூசச் செய்யும் அவ்வொளி வீட்டுக்குப் பொருந்தாது. மின்சார ஒளியைச் சிறு சிறு விளக்குகளாகப் பிரித்து வீடுதோறும் வழங்குதல் இயலாதென்று அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். இங்கிலாந்தில் ஜோஸப் ஸ்வானும் அமெரிக்காவில் தாமஸ் எடிஸனும் கரி இழை விளக்குகளை உருவாக்கினர். அதிகத் தடையுள்ள இழையை அமைத்தால் விளக்கொன்றுக்குச் சிறிதளவு ஓட்டமே போதுமென்றும், அப்பொழுது பக்க இணைப்புக்கு வேண்டிய செம்புக் கம்பியின் பருமனும் செலவும் குறையுமென்றும் எடிஸன் கணக்கிட்டார். 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி நியூயார்க் நகரத்துப் பேர்ல் தெருவில் அவருடைய மின் நிலையம் சுமார் 110 வோல்ட் அழுத்தத்தில் 400 விளக்குகள் அளவுக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. ஒரு விளக்கு மற்றொன்றுக்கு இடையூறின்றி எரியலாம் என்பது அன்று கண்கூடாயிற்று.

பக்க இணைப்பில் விளக்குகள் கூடக்கூட மொத்தத் தடை குறையும். மாணாக்கருக்கு இது முதலில் வியப்பாகத் தோன்றும். மடைகள் அதிகமானால் வாய்க்காலினின்று வெளிப்படும் நீரும் அதிகமாவதை நினைத்தால் ஐயம் நீங்கும். 60 வாட் விளக்கு ஒன்றுக்கு 0.26 ஆம்பியர், பத்து விளக்குகளுக்கு 2.6 ஆம்பியர். இவ்வளவும் வீட்டின் பிரதானக் கம்பி வழியாகவே வரவேண்டும்.

பாடசாலையிற் செய்யத்தக்க சோதனை

1.5 வோல்ட் டார்ச் செல்கள் இரண்டு, 2.5 வோல்ட் இழை விளக்குகள் இரண்டு, அவற்றுக்கு ஹோல்டர்கள், சிறிது கம்பி, ஒரு வோல்ட்மீட்டர் ஆகியவை போதும். வீட்டு மின்சாரத்தை இச்சோதனைக்கு ஒருபொழுதும் உபயோகிக்கலாகாது. ஒவ்வொரு படியிலும் என்ன நிகழும் என்பதை மாணாக்கர் முன்னதாக எழுதி வைத்துக்கொண்டு, பின்னர்ச் செய்து ஒப்பிடவேண்டும்.

முதலாவது: இரண்டு செல்களையும் வரிசையாக வைத்து ஒரு விளக்கை மட்டும் இணைத்து அதன் ஒளியைக் கவனிக்க.

இரண்டாவது: இரண்டு விளக்குகளையும் தொடராக இணைக்க. இரண்டும் மங்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும்.

மூன்றாவது: இரண்டையும் பக்க இணைப்பாக அமைக்க. இரண்டும் ஏறக்குறைய முதற்படியின் ஒளியையே தரும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். செல்கள் மட்டும் விரைவிற் தீரும்.

நான்காவது: மறுபடியும் தொடராக இணைத்து, ஒரு விளக்கைக் கழற்றி, வெற்று ஹோல்டரின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைக்க. அது செல்களின் முழு அழுத்தமாகிய சுமார் 3 வோல்ட்டைக் காட்டும். மற்றொரு விளக்கின் முனைகளில் வைத்தாலோ ஒன்றும் காட்டாது.

இந்நான்காம் சோதனையே யாவற்றிலும் முக்கியமானது. விளக்கு எரிந்தபொழுது அழுத்தம் இரண்டுக்கும் பங்காயிருந்தது. ஓட்டம் நின்றவுடன் அழுத்தம் மறைந்துவிடவில்லை; சுற்று அறுந்த அந்த ஓரிடத்தில் முழுவதும் வந்து நிற்கிறது. மதகை அடைத்தவுடன் வாய்க்கால் வறண்டுவிடும், ஏரி வற்றிவிடுவதில்லை. அடைத்த மதகின் பின்னே நீர் முழு உயரத்துடன் காத்திருக்கிறது. செல்லில் இஃது 3 வோல்ட், ஆகையால் தீங்கில்லை. வீட்டுக் கம்பியில் 230 வோல்ட்.

திருவிழாச் சரங்கள்

கோயில் திருவிழாக்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் தொங்கவிடும் சீரியல் செட்டுகள் தொடர் இணைப்புக்கு நல்ல உதாரணம். 6 வோல்ட் சிறு விளக்குகள் நாற்பதைக் கோத்து 230 வோல்ட்டில் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட் கிடைக்கும். ஒன்று கெட்டால் சரம் முழுவதும் இருளும்.

அப்பொழுது கெட்ட விளக்கைத் தேடிப் பிடிப்பவர், ‘ஆறு வோல்ட் விளக்குதானே’ என்று எண்ணி, இணைப்பைப் பிடுங்காமலே அதனைக் கழற்றி, ஹோல்டரில் விரல் வைப்பதுண்டு. மேற்கண்ட நான்காம் சோதனையை நினைத்தால் அபாயம் விளங்கும். அந்த ஒற்றை இடைவெளியில் அப்பொழுது நிற்பது ஆறு வோல்ட்டன்று. முழு 230 வோல்ட். விரல் அவ்விடைவெளியை மூடினால் சுற்று அவர் உடலின் வழியே பூர்த்தியாகும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு ஒரு முனையைத் தொட்டாலும் போதும்.

கெட்ட விளக்குகளை நீக்கி அவ்விடத்துக் கம்பிகளை முறுக்கிச் சேர்ப்பதும் தவறு. பத்து விளக்குகள் நீங்கினால், எஞ்சிய முப்பதுக்கும் தலைக்கு 7.7 வோல்ட் விழும். அவை சில நாள் கண்ணைக் கவரும்படி எரிந்து, விரைவில் ஒவ்வொன்றாக அறும். இப்பொழுது இழை விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. மணிகள் கோத்த சரங்கள் மிகுதியாக வழங்குகின்றன. அவற்றிலும் பல மணிகள் தொடராகவே கோக்கப்படுவதால் அதே எச்சரிக்கை பொருந்தும்.

ஸ்விட்சு இருக்கவேண்டிய இடம்

வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் பேஸ் என்பது அழுத்தமுள்ள கம்பி. நியூட்ரல் என்பது மின் நிலையத்தின் பக்கத்தில் பூமியோடு இணைக்கப்பட்ட கம்பி. ஸ்விட்சு இரண்டில் எக்கம்பியில் இருந்தாலும் விளக்கு எரியும், அணையும். வெளிப்பார்வைக்கு வேற்றுமை தோன்றாது. ஆனால் ஸ்விட்சு நியூட்ரல் கம்பியில் இருந்தால், விளக்கு அணைந்த பின்பும் ஹோல்டர் வரையில் 230 வோல்ட் அழுத்தம் வந்து நிற்கும். விளக்கு மாற்றுவதற்காக ஏணிமேல் ஏறியவர், அணைந்திருக்கிறதென்று நம்பித் தொட்டுத் தாக்குண்பார். ஆகையால் ஸ்விட்சு எப்பொழுதும் பேஸ் கம்பியிலேயே இருத்தல் வேண்டும். அவ்வாறிருக்கிறதா என்பதைத் தகுதி பெற்ற மின்சார வேலைக்காரரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். எவ்வாறிருப்பினும், விளக்கு மாற்றும் முன்னர் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவதே உத்தமம்.

பியூஸ்

பக்க இணைப்பில் சாதனங்கள் பெருகப் பெருகப் பிரதானக் கம்பியின் ஓட்டமும் பெருகும் என்று கண்டோம். கம்பி தாங்கும் அளவை ஓட்டம் மீறினால் அது சூடேறி, மேற்பூச்சு உருகித் தீப்பற்றும். இதனைத் தடுப்பதற்கே மெல்லிய பியூஸ் கம்பி பிரதான வழியிலேயே தொடராக வைக்கப்படுகிறது. 5 ஆம்பியர் பியூஸ் சுமார் 1,150 வாட் வரையில் இடம் தரும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றே ஏறக்குறைய 4.3 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை அதற்குப் பதிலாகச் சுற்றுவது சிக்கனமன்று. காவலாளியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு அஃது ஒப்பாகும். கூரை வீடுகளில் அதன் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை.

பியூஸ் மனிதரைக் காக்குமென்று நம்புவதும் பிழை. ஓர் ஆம்பியரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் முப்பது கூறு உடலிற் பாய்வதே உயிருக்கு ஆபத்து. ஒரு 60 வாட் விளக்கை எரிக்கும் ஓட்டம் அதனினும் எட்டு மடங்குக்கு மேற்பட்டது. 5 ஆம்பியர் பியூஸ் அதனை உணர்வதே இல்லை. பேஸ் கம்பியில் செல்லும் ஓட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்பும் ஓட்டத்துக்கும் வேற்றுமை நேர்ந்தவுடன் சுற்றைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியே இவ்வகைக் காவலுக்கு உரியது. சென்ற ஓட்டம் முழுவதும் திரும்பவேண்டும் என்று முன்னர்க் கூறிய விதியே அக்கருவிக்கு ஆதாரம்.

எல்.இ.டி. விளக்கு

இழை விளக்கு ஏற்கும் சக்தியில் சுமார் இருபதில் ஒரு பங்கே ஒளியாகிறது. எஞ்சியதிற் பெரும்பாலும் வெப்பமே. ஜப்பானிற் பிறந்த அகாஸாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர் நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக 2014-ஆம் ஆண்டில் பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசு பெற்றனர். அதனாலேயே வெண்மையான எல்.இ.டி. விளக்குகள் சாத்தியமாயின. பழைய 60 வாட் விளக்கின் ஒளியை 9 வாட் அளவுள்ள எல்.இ.டி. விளக்கு ஏறக்குறையத் தரும். நாள்தோறும் 5 மணி நேரம் எரித்தால் முப்பது நாளில் முன்னதற்கு 9 யூனிட்டும் பின்னதற்கு 1.35 யூனிட்டும் செலவாகும். குடும்ப வரவு செலவைக் கருதுவோர் இவ்வேற்றுமையை நோக்கவேண்டும்.

இவ்விளக்கினுள்ளும் இரு இணைப்புகளையும் காணலாம். உள்ளே பல எல்.இ.டி. துண்டுகள் பெரும்பாலும் தொடராக அமைந்திருக்கும். ஒன்று கருகினால் விளக்கு முழுவதும் இருண்டுவிடுவது அதனாலேயே. அவ்விளக்கு வீட்டுக் கம்பியோடு சேர்வது பக்க இணைப்பில். அது கெட்டாலும் அடுத்த விளக்கு எரிவது இதனாலேயே.

மாணாக்கர் இப்பாடத்தினின்று கணக்குகளை மறந்தாலும் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். விளக்கு எரிவது ஓட்டத்துக்கு அடையாளம். அணைந்திருப்பது அழுத்தம் இல்லாமைக்கு அடையாளமன்று. இதனை ஒவ்வொரு மாணாக்கரும் தத்தம் வீட்டில் எடுத்துக் கூறி, விளக்கு மாற்றும்பொழுது மெயின் ஸ்விட்சை அணைக்கும் வழக்கத்தையும், திருவிழாச் சரத்தைத் தொடுமுன் இணைப்பைப் பிடுங்கும் வழக்கத்தையும் ஏற்படுத்துவாராயின், பாடசாலையிற் கற்ற பௌதிகம் கிராமத்துக்குப் பயன்பட்டதாகும்.